கர்... கர்... கர்... சுற்றுகிறது, ஆனால் கிளம்பவில்லை!

விடியற்காலை மணி 4.40. ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாமா வீட்டு வாசல். பத்தடி தள்ளி நிற்கும் வேலிகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. அன்றைக்கு அத்தைக்கு ஈப்போவில் கண் அறுவைச் சிகிச்சை. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. எட்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். தாப்பாவுக்கு இறங்கும் அந்த வளைவுகளே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

மாமா சாவியைத் திருகினார். கர்ர்... கர்ர்... கர்ர்... எஞ்சின் சுற்றுகிறது, பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது. மறுபடியும் திருகினார். அதே கதை. முப்பது வயதைத் தாண்டிய, கார்ப்ரேட்டர் வைத்த பழைய கார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்த வயதில் எந்தக் காராக இருந்தாலும் இதைத்தான் செய்யும்.

நான் கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தேன். கைப்பேசியில் வாடகைக் கார் தேடினால் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் எழுந்து வந்து, "தள்ளி விடலாமா மாமா?" என்றார்கள்.

"வேணாம்பா. தள்ளினா எஞ்சின் சுத்தும், அவ்வளவுதான். அதான் இப்பவே நல்லா சுத்துதே" என்றார் மாமா.

தோட்டத்து லாரியை 27 வருடம் ஓட்டியவர் சொன்ன இந்த ஒரு வரியை நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை. கார் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால் பாட்டரி, அதன் முனைகள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றில் கோளாறு தேடலாம். பாட்டரி பலவீனம் என்றால், கியர் மாற்றும் காரைத் தள்ளிக் கிளப்பவும் முடியும். எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றியும் கிளம்பவில்லை என்றால் பாட்டரியும் ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. அப்போது புதுப் பாட்டரி வாங்கிப் போடுவது காசுக்குப் பிடித்த கேடு. (ஆட்டோ கியர் காரைத் தள்ளிக் கிளப்ப நினைக்கவே வேண்டாம்.)

பெட்ரோல் எஞ்சினுக்குத் தேவை காற்று, பெட்ரோல், சரியான நொடியில் ஒரு தீப்பொறி, இவற்றை அழுத்திப் பிடிக்கும் இறுக்கம். இந்த நான்கில் எது வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும். கண்டபடி பாகங்களை மாற்றுவது வைத்தியமாகாது.

மாமா சாவியை விட்டுவிட்டுப் பின்னால் போய்ப் புகைக்குழாய் அருகே குனிந்து முகர்ந்தார். "பெட்ரோல் வாடை வருது. எண்ணெய் போகுது, நெருப்புதான் பத்தல." அடுத்து பானெட்டைத் திறந்தார். நான் டார்ச் அடித்தேன். "அதை அணைச்சிடும்மா. நீ போய் சாவியைத் திருகு, நான் பாக்குறேன்" என்றார்.

திருகினேன். "வந்து பாரு" என்று கூப்பிட்டார். இந்த முறை பையனை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். இருட்டில், பிளக் ஒயர்களின் மேல் மெல்லிய நீலக் கோடுகள் ஊர்ந்து ஊர்ந்து ஓடின. அழகாகத்தான் இருந்தது. ஆனால் சிலிண்டருக்குள் பாய வேண்டிய மின்சாரம் அது. ஒயரின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது.

பழைய கார்களில் காயில் உண்டாக்கும் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற வட்டப் பெட்டிக்குள் போய், உள்ளே சுழலும் ரோட்டர் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பிரிகிறது. அவ்வளவு பெரிய வோல்ட்டுக்கு ஈரம் ஒரு ராஜபாட்டை. பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட, ஈரத்தின் மேல் நழுவிப் போவது அதற்குச் சுலபம். மாமா இரண்டு கிளிப்புகளை விடுவித்து மூடியைத் தூக்கினார். உட்புறம், சோற்றுப்பானை மூடியைக் கவிழ்த்துப் பார்த்ததுபோல நீர்த்துளிகள்.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் 16 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பகலில் சூடேறிய எஞ்சின் இரவில் குளிரும்போது, மலைக்காற்றின் ஈரம் அதன் மேலும் உள்ளேயும் படிகிறது. இது மட்டுமல்ல. இந்த உயரத்தில் காற்று கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. கீழே ஈப்போவிலோ கிள்ளானிலோ சரிசெய்த கார்ப்ரேட்டர் இங்கே வந்தால் காற்றுக்கு அதிகமாகப் பெட்ரோலைக் கலக்கும். அதோடு சோக்கையும் இழுத்துவிட்டு, ஆக்சிலேட்டரையும் நாலு முறை மிதித்தால் பிளக்குகள் பெட்ரோலில் குளித்துவிடும். 'பிளட்' ஆகிவிட்டது என்று நம் போமன்கள் சொல்வது இதைத்தான்.

மாமா ஒயர்களைக் கழற்றுவதற்கு முன் என்னிடம் நகப்பூச்சு இருக்கிறதா என்று கேட்டார். ஒயர்களில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சிவப்புப் புள்ளிகள். மூடியில் அதே இடங்களிலும் புள்ளிகள். நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும். ஒயரை மாற்றிச் செருகிவிட்டால் இருந்த கோளாறோடு புதிதாக ஒன்று சேரும். மூடி அடுப்படிக்குப் போனது. அத்தை அதை வாங்கித் துணியால் துடைத்து, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்கு இரண்டடி தள்ளி, சூடு மட்டும் படும்படி திருப்பித் திருப்பிக் காட்டினார். கண் தெளிவாகத் தெரியாதவர். விரலால் தடவியே ஈரம் போனதைச் சொன்னார்.

"இதுல கருப்பா முடி மாதிரி கோடு ஏதும் இருக்கா பாரும்மா" என்று மாமா கேட்டார். அப்படி இருந்தால் மூடி விரிசல் கண்டு, மின்சாரம் அதற்குள்ளேயே பாதை போட்டுவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நல்ல வேளை, கோடு இல்லை.

ஈரத்தை விரட்ட டபிள்யூ.டி-40 அடிப்பவர்கள் உண்டு. 1953ல் அமெரிக்காவில் ஈரத்தை விலக்குவதற்கென்றே, நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை அது. பெயரே அதைத்தான் சொல்கிறது. அடிக்கலாம். ஆனால் அது தீப்பற்றும். ஆவி முழுக்கக் காய்ந்த பிறகுதான் மூடியைப் பூட்டிச் சாவியைத் திருக வேண்டும்.

எல்லாம் பூட்டியாயிற்று. மாமா ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு திருகினார். மிதித்து மிதித்து விடவில்லை. அப்படிப் பிடித்தால் காற்று முழுசாக உள்ளே போய், தேங்கிய பெட்ரோலைத் துடைத்தெடுக்கும். ஊசி முறையில் பெட்ரோல் பாய்ச்சும் பிற்காலக் கார்கள் பலவற்றிலும் இதே உத்தி பெட்ரோலை நிறுத்திவிட்டுச் சுற்ற வைக்கும். முதல் தடவை ஒரு தும்மல். இரண்டாவது தடவை கரும்புகையோடு பிடித்துக்கொண்டது. மணி 5.25.

இந்தக் கதையை வானொலியில் சொன்னபோது ஒரு நேயர், "உங்க மாமா லேண்ட்ரோவர் ஆளா?" என்று கேட்டார். கேமரன் மலைக்குப் போனவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும். முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் ஏறும் அந்தப் பழைய லேண்ட்ரோவர்கள் நாட்டிலேயே இங்கேதான் அதிகம் என்று மலேசியச் சாதனைப் புத்தகமே பதிவு செய்திருக்கிறது. 1948ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் வந்த வண்டி. போருக்குப் பின் இரும்புத் தட்டுப்பாடு இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். மழையும் பனியும் ஓயாத மலையில் அது துருப்பிடிக்காமல் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929ல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை வெட்ட இருந்தது ஆட்களும் கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளையும்தான். அந்த ஆட்களில் நம் பாட்டன்மார் எத்தனை பேர்! லேண்ட்ரோவர் வந்தது பிறகு.

டீசல் லேண்ட்ரோவரில் தீப்பொறியே கிடையாது. அழுத்தத்தின் சூட்டில் டீசல் தானாகப் பற்றும். அதனால் குளிர்காலையில் அங்கே முதல் சந்தேகம் குளோ பிளக்குகள் மேல். சாவியைப் பாதி திருகி, அவை சூடேறும் வரை பொறுக்க வேண்டும். டேங்க் காலியாகி ஒரு முறை நின்ற வண்டி என்றால், எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றாமல் எத்தனை திருகினாலும் பலனில்லை.

சரி, உங்கள் வீட்டில் நிற்பது 15, 20 வயதுக் கார், டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருகிக் காது கொடுங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று பெட்ரோல் பம்ப் முனகும். அந்த முனகல் பழகிய காருக்கு இன்று சத்தமே இல்லையென்றால் பியூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லலாம். மீட்டரை முழுசாக நம்பாதீர்கள். பெட்ரோல் குறைவாக இருக்கும் காரைச் சரிவில் நிறுத்தினால், டேங்கில் இருப்பது ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப்புக்கு எட்டாமல் போகும். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. டாஷ்போர்டில் சாவிச் சின்னம் மின்னுகிறதா? கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். சுற்றும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமும் அசையவில்லையென்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும் சென்சார்கள் இருக்கின்றன. நீங்கள் போமனிடம் போய்ச் சேர்வதற்குள் கார் நல்ல பிள்ளையாகிவிடும்!

பயப்பட வேண்டிய சத்தம் ஒன்று உண்டு. வழக்கமான கர்-கர் ஏற்ற இறக்கம் இல்லாமல், 'விர்ர்ர்' என்று ஒரே சீராக, இலகுவாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். சில எஞ்சின்களில் மேலும் சுற்றினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்; சில நூறு வெள்ளியில் முடிய வேண்டியது சில ஆயிரமாகும். பொதுவாகவே பத்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் திருக வேண்டாம். ஸ்டார்ட்டர் கருகும், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சேர்ந்து அதையும் கெடுக்கும். பிளக் ஒயரைக் கையில் பிடித்துத் தீப்பொறி பார்க்கும் வீர விளையாட்டும் வேண்டாம்.

ஈப்போ மருத்துவமனை வாசலில் நாங்கள் இறங்கியபோது எட்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மாமா எஞ்சினை அணைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க, நான் இதுகூட இருக்கேன்" என்றார். பெயர் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, அத்தையை உள்ளே அழைத்துப் போனார்கள்.

மறுவாரம் அத்தை கைப்பேசியில் கூப்பிட்டார். கட்டு பிரித்தாயிற்று. "மூடி புதுசு மாத்திட்டாரு, ஒயரும் புதுசு. ஆனா உன் நகப்பூச்சுப் புள்ளிய மறுபடியும் வச்சிருக்காரு" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணாம் நம்பர் கோணலா இருக்குது" என்றார்.