நடுவிலிருந்து தொடங்கு!

கதவுக்குப் பெயின்ட் அடிக்கும்போது எங்கிருந்து தொடங்குவீர்கள்? ஓரத்திலிருந்தா, நடுவிலிருந்தா?

நடுவிலிருந்துதான் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார், ஜெர்மனியில் வீடுகளுக்கு வண்ணம் பூசிவந்த ஒருவர். அப்போதுதான் வழிகிற சொட்டை அப்படியே இழுத்துவிடலாம், சட்டைக் கையிலும் கறை படாது. அந்த மகன்தான் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ்.

அமெரிக்காவில் குடியேறிய பிறகு, 1950-ல், சதுரத்தைப் போற்றி ஓர் ஓவியத் தொடரைத் தொடங்கினார். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொன்று, அவ்வளவுதான். கால் நூற்றாண்டு, சாகும்வரை, அதையே வரைந்தார். அப்பா சொன்னபடி நடுவிலிருந்துதான். ட்யூபிலிருந்து பிதுக்கிய வண்ணத்தைப் பெரும்பாலும் கலக்காமல், ஒரு தட்டைக் கத்தியால் பலகையில் பரப்புவார். எந்தெந்த நிறம் என்று பலகையின் பின்புறம் எழுதியும் வைப்பார்.

முன்னால் நின்று பார்த்தால் எத்தனை அழகு! நடுவிலுள்ள மஞ்சள், உள்ளே விளக்கெரிவதுபோல ஒளிரும். ஒரு சதுரம் நம்மை நோக்கி வரும், இன்னொன்று தூரமாய்ப் போகும். இத்தனையும் பக்கத்து நிறம் நம் கண்ணுக்குச் செய்கிற வேலை.

நீங்களும் பார்க்கலாம். ஒரு சாம்பல் நிறக் காகிதத்தை இரண்டாக வெட்டி, ஒன்றைக் கறுப்புத் துணிமேலும் மற்றதை வெள்ளைத் துணிமேலும் வையுங்கள். எது வெளுப்பாகத் தெரிகிறது?