சுனாமி வருமா, வராதா? பத்து நிமிடத்தில் பதில் சொல்பவர்கள்



நம்ம ஊர்ப் பெயரில் 'துறை' இருக்கிறதே தவிர, கடல் இல்லை. ஒரு பக்கம் பச்சைமலை, ஒரு பக்கம் பெருமாள்மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்சி போய் பஸ் மாறி, தஞ்சாவூர் தாண்டி, நாகப்பட்டினம் போய்ச் சேர அரை நாள் ஆகிவிடும். அப்புறம் துறையூர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் சுனாமி கட்டுரை எதுக்கு என்று கேட்பீங்க.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் நல்ல கூட்டம். அன்று அங்கே இறந்தவர்களில் பலர் வெளியூர்களிலிருந்து மாதா கோயிலுக்கு வந்தவர்கள். நம்மைப் போல கடல் பழக்கம் இல்லாதவர்கள். வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, 'சுனாமி' என்ற வார்த்தையையே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டதாகச் சொல்வாங்க.

அன்று காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. நாகப்பட்டினத்தில் அலை ஏறும்போது மணி கிட்டத்தட்ட ஒன்பது. இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து போகக் கால் மணி நேரம் போதும். ஆனாலும் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் என்னவென்றால், இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை மையமே கிடையாது. பசிபிக் கடலுக்கு ஹவாய் தீவில் ஒரு மையம் இருந்தது. அங்கிருந்த விஞ்ஞானிகள் 15 நிமிடத்தில் நில அதிர்வைக் கண்டுபிடித்தும் விட்டார்கள். முதலில் அவர்கள் கணித்த அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்று திருத்தினார்கள். உண்மையான அளவு 9.1க்குக் குறையாது என்பது பிறகுதான் தெரிந்தது. (அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும்.) அப்படியே சரியாகத் தெரிந்திருந்தாலும், நாகப்பட்டினத்தில் யாருக்குப் போன் பண்ணிச் சொல்வது?

அதற்குப் பிறகு உருவானதுதான் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம். ஐதராபாத்தில் 'இன்காய்ஸ்' என்ற கடல் தகவல் நிறுவனத்தில் 2007 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள், தீபாவளியானாலும் பொங்கலானாலும். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடக்காது. கருவிகள் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும், ஒத்திகை பார்ப்பதும்தான் வேலை. என்றைக்காவது மணி அடிக்கும். இந்தியப் பெருங்கடல் பகுதியில் 6.5 அல்லது அதற்கு மேல் நிலநடுக்கம் என்றால், சுமார் பத்து நிமிடத்துக்குள் முதல் அறிக்கை போயாக வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில் அலையைப் பற்றிக் கணக்குப் போட நேரம் கிடைக்காது. அதனால் முன்கூட்டியே போட்டு வைத்துவிடுகிறார்கள். இந்த இடத்தில், இந்த ஆழத்தில், இந்த அளவில் அதிர்ந்தால் எந்தக் கரையில் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் அலை வரும் என்று ஆயிரக்கணக்கான கற்பனை நிலநடுக்கங்களுக்குக் கணினியில் விடை தயாராக இருக்கும். உண்மையில் ஒன்று நடந்ததும் அதற்கு நெருக்கமான விடையை எடுத்துப் பார்க்கிறார்கள்.

அலை எப்போது வரும் என்பது ஓரளவு சுலபமான கணக்கு. பிளஸ் ஒன் படிக்கிறவங்களே போடலாம். கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம். 4,000 மீட்டர் ஆழம் என்றால் 4,000 × 10 = 40,000. வர்க்கமூலம் 200. வினாடிக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 720 கிலோமீட்டர், ஏறக்குறைய ஜெட் விமான வேகம்! கரை அருகே ஆழம் 10 மீட்டர் என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். முன்னால் போகும் தண்ணீர் மெதுவாக, பின்னால் வருவது வேகமாக. அதனால்தான் கரைக்கு வரவர அலை உயர்கிறது. நடுக்கடலில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. 2004இல் நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து, கடலுக்கு மேலே போன ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த அலை உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். நம்ம முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

கஷ்டமான கேள்வி வேறு. அலை வருமா என்பதே முதலில் தெரியாது.

ஒரு அண்டாவில் தண்ணீர் நிரப்பி அடியில் ஒரு தட்டைப் போடுங்க. தட்டைச் சட்டென்று மேலே தூக்கினால் தண்ணீர் மேடாக எழும்பும். அதே தட்டைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கடலடிப் பாறையும் அப்படித்தான். 2004இல் மேலே தூக்கியது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08க்கு அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தது. சென்னையில் கட்டிடம் ஆடி, மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஐதராபாத்திலிருந்து சுமார் எட்டு நிமிடத்தில் அறிக்கை போனது. மாலை 4.13க்கு மறுபடியும் 8.2. ஆனால் இந்த இரண்டு தடவையும் பாறை பக்கவாட்டில்தான் நகர்ந்தது. நம்ம கரையில் சேதம் செய்யும் அலை எதுவும் வரவில்லை.

அந்த நாற்காலியில் நீங்க உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீங்க? அளவு 8.6 என்று தெரிகிறது. தூக்கியதா, நகர்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் நேரம் வேண்டும். பேசாமல் இருந்து அலை வந்துவிட்டால் இன்னொரு 2004. கரை முழுவதையும் காலி பண்ணச் சொல்லி அலை வராவிட்டால், 'புலி வருது, புலி வருது' கதை. மூன்றாவது தடவை யாரும் ஓட மாட்டாங்க.

இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாக் கரைக்கும் ஒரே பதில் சொல்வதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அலை தொட்டுவிடக்கூடிய இடம் என்றால் (நிக்கோபார் தீவுகள் மாதிரி) நிலநடுக்க விவரத்தை மட்டும் வைத்தே 'வெளியேறுங்கள்' என்று சொல்லிவிடுவார்கள். நம்ம தமிழ்நாட்டுக் கரைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பதால் முதலில் 'உஷார்' மட்டும், கடற்கரையில் நிற்காதீங்க என்ற அளவில். கடலில் அலை உண்மையாகவே கிளம்பியது என்று தெரிந்தால்தான் அடுத்த கட்டம். 2012இல் இப்படித்தான் செய்தார்கள். நிக்கோபாரின் சில இடங்களுக்கு முழு எச்சரிக்கை, தமிழ்நாட்டுக்கு உஷார், பிறகு ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் விலக்கிவிட்டார்கள்.

அலை கிளம்பியதைப் பார்க்க ஆழ்கடலின் தரையில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். தன் தலைமேல் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை அது அளந்துகொண்டே இருக்கும். கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும். அந்தச் செய்தியை ஒலியலையாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்பும். மிதவையிலிருந்து செயற்கைக்கோள், அங்கிருந்து ஐதராபாத். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்காரர்கள் இந்த மிதவைகளைக் கப்பலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். மிதவையைச் சுற்றி மீன் கூடும். மீன் கூடினால் படகும் வரும். படகைக் கட்டுவதிலும் வலை மாட்டுவதிலும் மிதவை சேதமாவது உண்டு. அதனால் மீனவ கிராமங்களுக்குப் போய் விளக்கிச் சொல்வதும் விஞ்ஞானிகள் வேலையில் சேர்ந்துவிட்டது.

இன்னொரு வகை விஞ்ஞானிகள் மண்ணைத் தோண்டுகிறவர்கள். 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபார் பக்கம் நிலநடுக்கம் வந்து சிறிய சுனாமி கிளம்பியது. வங்கக் கடலைச் சுற்றியிருந்த கடல்மட்டக் கருவிகளில் அது பதிவானது. அந்தப் பழைய பதிவுகளை மட்டும் பார்த்தால் 2004 மாதிரி ஒன்று இங்கே வராது என்றுதான் தோன்றும். ஆனால் மண் வேறு கதை சொல்கிறது. சி.பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன், அண்ணா பல்கலைக்கழகத்தின் சீனிவாசலு ஆகியோர் அடங்கிய குழு காவிரிப்பூம்பட்டினத்தில் ஆராய்ந்து, சோழர் காலத்தில் சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் ஒரு சுனாமி வந்ததற்கான தடயம் இருப்பதாக 2011இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. கடல் உள்ளே வந்து விட்டுப்போன மணல் அடுக்குதான் சாட்சி. எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும், எவ்வளவு தூரம் உள்ளே ஏறும் என்று மதிப்பிட இந்த மணல் வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்து, கடைசியில் கரையில் இருக்கிறவர் காதில் விழவில்லை என்றால்? 2004இலேயே புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ கிராமம் தப்பித்தது. சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி தெரிந்து வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வைத்திருந்த தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்தார்கள், ஊரே ஓடியது. சுமார் 3,600 பேர் பிழைத்தார்கள். ஒரு போன், ஒரு குழாய் ஸ்பீக்கர்! இப்போது எச்சரிக்கை மையத்திலிருந்து செய்தி மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் போகிறது. கிராமம் தயாராக இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்கிறார்கள். ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்ற இரண்டு ஊர்களுக்கு 2020இல் யுனெஸ்கோ 'சுனாமிக்குத் தயார்' என்ற அங்கீகாரம் கொடுத்தது.

இந்த வேலைக்குப் போக என்ன படிக்கணும்? இயற்பியல், கணிதம், புவியியல், கணினி எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலேயே கடல் அறிவியல் துறை இருக்கிறது. நீச்சல் தெரியணும் என்று கட்டாயம் இல்லை!

முயன்று பாருங்கள்: கடலின் ஆழம் 1,000 மீட்டர் உள்ள இடத்தில் சுனாமி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகும்? விடை அடுத்த இதழில்.