பதுக்கி வைத்தால் காசுக்கு மவுசு கூடுமா? பழைய நாணய விலையின் கணக்கு

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து ஒரு தகர டப்பா இறங்கும். உள்ளே 25 காசு, 20 காசு, அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் ஓட்டை போட்ட காலணா. அடுத்த நிமிஷமே வீட்டில் யாராவது செல்போனை எடுத்து, ‘இந்தக் காசு இருந்தா நீங்க லட்சாதிபதி’ ரக வீடியோவைக் காட்டுவார்கள்.

அந்த வீடியோக்கள் மழுப்பிவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு காசு கண்ணில் படவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உருக்கப்பட்டு நிஜமாகவே அழிந்திருக்கும். இல்லையென்றால், உங்கள் வீட்டுப் பரணைப் போலவே ஆயிரக்கணக்கான பரண்களில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். விலை இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

1940-ல் காணாமல் போன ரூபாய்

வடசென்னையின் தங்க சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச் சாலையால்தான். அது 1869-ல் மூடப்பட்டது. அதற்கு 71 ஆண்டுகள் கழித்து, நாடு முழுவதும் வெள்ளி ரூபாய் மாயமானது.

1940 ஜூனில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் விழுந்த செய்தி வந்ததும் காகித நோட்டின் மீது மக்களுக்குப் பயம் வந்துவிட்டது. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயாக மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கிக் கவுன்டர்களில் கூட்டம் முண்டியடித்தது. அன்றைய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. சொந்தத் தேவைக்கும் வியாபாரத்துக்கும் மேல் ரூபாய் நாணயம் வாங்குவது குற்றம் என்று அவசரச் சட்டமே போட்டார்கள். போன காசு திரும்பி வரவில்லை. ஆகஸ்டில் ஒரு ரூபாய்க் காகித நோட்டை இறக்கினார்கள். ஆண்டுக் கடைசியில் வந்த புது ரூபாயில் வெள்ளி பாதிதான். சும்மா இருப்பார்களா? பழைய ரூபாயை இன்னும் ஆழமாக ஒளித்தார்கள்.

போர் முற்றியதும் சில்லறையும் காணாமல் போனது. சில சமஸ்தானங்கள் அட்டைத் துண்டுகளைச் சில்லறையாக அச்சிட்டன. செம்பை மிச்சப்படுத்த 1943-ல் வந்ததுதான் அந்த ஓட்டைக் காலணா.

அன்று இவ்வளவு தேடப்பட்ட விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் பெரும்பாலானவை இன்று வெள்ளி விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகின்றன. பதுக்கியவர்கள் அவற்றைக் காப்பாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். அதே காலத்தில் 1939 என்று ஆண்டு பொறித்த ரூபாய் வேறு கதை. தப்பியவை மிகச் சொற்பம், அதனால் விலையும் எக்கச்சக்கம். 1938-ல் கைவைத்து 1939 ஆக்கிய போலிகள் சந்தையில் உலவுவதும் அதனால்தான்.

மூட்டை அவிழ்ந்தால்?

இதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே 1918-ல் வந்த ஒரு சட்டத்தால் 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. நியூ ஆர்லியன்ஸில் 1903-ல் அடித்த டாலரும் அதில் ஏறக்குறைய மொத்தமாகப் போய்விட்டது என்றே சேகரிப்பாளர்கள் நம்பினார்கள். புழங்காத ஒரு நாணயத்துக்கு 1,500 டாலர் என்றது விலைப் பட்டியல். 1962-ல் அரசுக் கருவூலத்தின் பழைய மூட்டைகள் அவிழ்க்கப்பட்டன. உள்ளே அதே டாலர்கள், பளபளவென்று! விலை 30 டாலர் அளவுக்குச் சரிந்தது. உலகத்திலேயே பெரிய பதுக்கல்காரர் அரசாங்கம்தான் என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது.

தனியார் பதுக்கலும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரே ரகக் காசின் பெரும்பகுதி நாலைந்து பேரிடம் சேர்ந்துவிட்டால், ஏலத்துக்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் விடுவார்கள். அந்த ஒன்றிரண்டு விற்ற விலையே ‘மார்க்கெட் விலை’ ஆகிவிடும். அதைப் பார்த்துப் புதிதாக நுழைபவர் உச்ச விலையில் வாங்குவார். நாளைக்கு வாரிசுகள் மொத்தமாக விற்கக் கிளம்பினால் அடி வாங்குவது அவர்தான். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ‘முதலீடு’ என்று நாணயம் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை அடித்தார்கள் என்பது மட்டுமல்ல. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, யாரிடம் இருக்கின்றன என்பதும்தான்.

அப்போ 10 ரூபாய் நாணயம்?

செல்லாது என்ற வதந்தியால் தமிழகத்தின் பல ஊர்களில் கடைக்காரர்கள் வாங்க மறுத்த காசு இது. 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திவிட்டது. உண்டியலில் சேர்த்து வைத்தால் அரிதாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். எல்லோரும் சேர்த்து வைப்பது எப்போதும் மலிவுதான். 2011 ஜூன் கடைசியோடு செல்லாமல் போன 25 காசுக்கும் இதே நிலைமை.

ஆன்லைன் விற்பனையில் ஜாக்கிரதை. பழைய காசை லட்சங்களுக்கு வாங்குவதாகச் சொல்லி, முதலில் கட்டணம், கமிஷன், வரி என்று உங்களிடமே பணம் கறப்பது பழைய தந்திரம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இதைச் செய்கிறார்கள். தாங்கள் இப்படிப்பட்ட வியாபாரத்தில் இல்லை, யாருக்கும் அனுமதியும் தரவில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கி எச்சரித்தது.

டப்பாவில் நிஜமாகவே வெள்ளி ரூபாய் இருந்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். காசு பளபளக்கும், ஆனால் சேகரிப்பாளர் தரும் விலை பாதியாகக்கூடக் குறைந்துவிடலாம்.