பேட்டரி மீது விழுந்த பழி

எங்கள் வீட்டில் மாலை ஏழரை மணி என்றால் தமிழ் வகுப்பு. ஆசிரியை என் மனைவி. மாணவி ஹைதராபாத்தில் இருக்கும் ஆறு வயதுப் பேத்தி. இருவருக்கும் நடுவே, மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட். சென்ற ஆடி மாதம் ஒரு நாள் 'ழ' எழுத்து நடந்துகொண்டிருந்தபோது திரை இருண்டுவிட்டது. வாழைப்பழம் 'வாழை'யோடு நின்றது. காலையில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றியிருந்தோம். பகலில் யாரும் தொடவில்லை. மறுநாளும் அதே கதை. நான்காம் நாள் பேத்தி, "பாட்டி, நாளைக்கு வேண்டாம், டான்ஸ் கிளாஸ் இருக்கு" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, முகம் சொல்லியது. வெளிமாநிலத்தில் வளரும் குழந்தைக்குத் தமிழ் ஒரு முறை கைநழுவினால் மீண்டும் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டோம்பிவிலி ஸ்டேஷன் அருகே ஒரு கடைக்குப் போனேன். பையன் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "பேட்டரி போயிடுச்சு அங்கிள், ஐயாயிரம் ஆகும்" என்று இந்தியில் தீர்ப்பு வழங்கிவிட்டான். பணத்தை எடுக்கப் போன கை நின்றது. காரணம், என் பழைய தொழில்.

நான் ரயில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறிப் பிரிவில் வேலை பார்த்தவன். பெட்டிக்கு அடியில் 110 வோல்ட் பேட்டரி இருக்கும். காலையில் அது இறங்கியிருந்தால் புதிதாக வந்தவர்கள் உடனே "பேட்டரியை மாற்று" என்பார்கள். அனுபவஸ்தர்கள் முதலில் இரண்டு பல்புகளை எடுப்பார்கள். அவற்றைத் தொடராக பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே கட்டி, நடுமுனையைப் பெட்டியின் இரும்பில் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் சமமாக எரிந்தால் கசிவு இல்லை. ஒன்று மங்கி மற்றொன்று பளிச்சென்றால், மங்கிய பக்கத்தில் எங்கோ ஒயர் பெட்டியைத் தொடுகிறது என்று பொருள். பேட்டரியைக் குற்றம் சொல்லும் முன் கசிவைத் தேடு என்பது எங்கள் பாடம்.

டேப்லெட்டுக்கும் அதே சோதனையைச் செய்தேன். முதல் இரவு ஏரோப்ளேன் மோடில் வைத்தேன். இரவு பத்து மணிக்கு 80 சதவீதம்; காலை ஆறு மணிக்கு 78. மறு இரவு வைஃபையோடு விட்டேன். 80 இருந்தது 51 ஆகிவிட்டது. ஆக பேட்டரி நிரபராதி! இணையத்தோடு பேசும் ஏதோ ஒன்றுதான் திருடன். செட்டிங்ஸில் 'பேட்டரி' பகுதியைத் திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று பட்டியல் வரும். முதலிடத்தில் மெயில், அதுவும் திரை அணைந்திருந்த நேரத்தில்.

இங்கே சற்று விளக்கம் தேவை. மெயில் வருவதற்கு மூன்று வழிகள். 'புஷ்' என்றால் கடிதம் வந்ததும் சர்வரே தகவல் தரும். அதற்காக டேப்லெட் தொடர்பை விடாமல் வைத்திருக்கும். 'ஃபெட்ச்' என்றால் குறித்த நேரத்துக்கு ஒரு முறை டேப்லெட்டே விழித்துப் போய்க் கேட்கும். 'மேனுவல்' என்றால் நாம் திறக்கும்போது மட்டும். நான் என்றோ 15 நிமிடம் என்று வைத்திருந்தேன். நாளுக்கு 96 முறை. என் கணக்கு, மனைவி கணக்கு, பழைய கணக்கு என மூன்றுக்கும் சேர்த்து 288 விசாரிப்புகள்! வண்டியே வராத பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் கால்மணிக்கொரு தரம் அடுத்த ஸ்டேஷனை எழுப்பி "லைன் கிளியரா?" என்று கேட்பது போல.

ஆனால் இந்த ஏற்பாடு ஒரு வருடமாக இருக்கிறதே, கோளாறு ஆடியில்தானே தொடங்கியது? அந்தக் கேள்வி உறுத்தியது. ஒவ்வொரு கணக்காகத் திறந்து பார்த்தேன். 'அவுட்பாக்ஸ்' என்ற பெட்டியில் ஒரே ஒரு கடிதம் கிடந்தது.

ஆனி மாதம் மாயவரத்தில் இருக்கும் என் தம்பிக்கு எழுதியது. அப்பா கட்டிய வீட்டை விற்க வேண்டாம், என் பங்கையும் நீயே வைத்துக்கொள் என்று எழுதி, பழைய பத்திரங்களின் படங்கள் பதினொன்றை இணைத்திருந்தேன். மொத்தம் 22 எம்.பி. என் கணக்கின் வரம்போ 25. ஆனால் மெயிலில் ஏறும்போது இணைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருக்கும். 22 என்பது 29க்கு மேல் போய்விட்டது. போகவும் முடியாமல், கைவிடவும் தெரியாமல், அந்தக் கடிதம் இரவும் பகலும் முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

இங்கே நானோ, பங்கையே கொடுத்தும் ஒரு வார்த்தை பதில் இல்லையே என்று ஒன்றரை மாதமாகத் தம்பிக்குப் போன் செய்யாமல் இருந்தேன். அன்றே செய்தேன். "அண்ணா, வீட்டு விஷயத்துல நீங்க கோபமா இருக்கீங்கன்னு நினைச்சேன். கூப்பிடவே பயமா இருந்துச்சு" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு படங்களை மூன்று கடிதங்களாகப் பிரித்து அனுப்பினேன், போய்ச் சேர்ந்தன.

வாசகர்கள் செய்ய வேண்டியது சுலபம். ஐபேடில் செட்டிங்ஸ், ஆப்ஸ், மெயில், மெயில் அக்கவுண்ட்ஸ், ஃபெட்ச் நியூ டேட்டா என்று போங்கள். பழைய பதிப்புகளில் செட்டிங்ஸிலேயே மெயில் இருக்கும். புஷ்ஷை அணைத்து, ஃபெட்ச்சை 'ஹவர்லி' அல்லது 'மேனுவலி' என்று வையுங்கள். ஆண்ட்ராய்டில் மெயில் செயலியின் செட்டிங்ஸில் 'ஸிங்க்' என்று தேடுங்கள். பயன்படாத கணக்கை நீக்குங்கள். அவுட்பாக்ஸைக் கட்டாயம் பாருங்கள். திரை மேலெழும்பினாலோ பின்பக்கம் உப்பினாலோ அது வேறு விஷயம். சார்ஜ் போடாமல் உடனே கடைக்குக் கொண்டு போங்கள்.

இப்போது இரவில் மூன்று சதவீதம்தான் இறங்குகிறது. பேத்தியின் டான்ஸ் கிளாஸ் ஆறு மணிக்கே முடிந்துவிடுமாம். ஏழரைக்கு 'ழ' மீண்டும் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் அதே டேப்லெட்டில் தம்பி வருகிறான். அரை மணி நேரம் பேசுகிறோம். சார்ஜ் மிச்சம் இருக்கிறது.