முடிவுரையை முதலில் எழுதுங்கள்

எஸ்பிஎம் தமிழ்மொழித் தாளுக்குக் கட்டுரை எழுதிப் பழகிய மாணவர், இதழியல் முதலாண்டு வகுப்பில் எழுதும் முதல் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “இன்றைய நவீன உலகில் நாளிதழ்கள் மக்களின் வாழ்வில் இன்றியமையாத இடத்தைப் பிடித்துள்ளன.” பிழையில்லாத வாக்கியம்தான். தேர்வில் புள்ளிகளும் கிடைக்கலாம். ஆனால் விரிவுரையாளர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார்: “சரி, என்ன நடந்தது?”

பள்ளிக் கட்டுரையில் முன்னுரை, கருத்துகள், முடிவுரை என்று படிப்படியாக ஏறுகிறோம். செய்தியில் அந்தப் படிக்கட்டு தலைகீழாக நிற்கிறது. மிக முக்கியமானது முதல் பத்தியில் வர வேண்டும். மற்றவை முக்கியத்துவம் குறையக் குறையக் கீழே இறங்கும். இதைத்தான் ‘தலைகீழ்ப் பிரமிடு’ என்கிறார்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் துணையாசிரியர் கடைசிப் பத்தியிலிருந்துதான் வெட்டுவார். முடிவுரையில் ஒளித்து வைத்த செய்தி அப்போது குப்பைக்குப் போய்விடும். வாசகரும் அப்படித்தான். பேருந்து வருவதற்குள் இரண்டு பத்தி படிப்பவருக்கு, அந்த இரண்டு பத்தியிலேயே விஷயம் கிடைத்துவிட வேண்டும்.

ஒரு பயிற்சி செய்து பார்ப்போம். கையில் உள்ள தகவல்கள் இவை: தமிழ் நேசன் நாளிதழ் 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. 2019 பிப்ரவரி 1 முதல் வெளிவரவில்லை. நட்டமே காரணம் என்று நிர்வாகம் கூறியது.

முதல் பத்தி இப்படி அமையலாம்: “நாட்டின் மிகப் பழைய தமிழ் நாளிதழான தமிழ் நேசன், நட்டம் காரணமாக 2019 பிப்ரவரி 1 முதல் வெளியீட்டை நிறுத்திக்கொள்வதாக அதன் நிர்வாகம் அறிவித்தது.” யார், என்ன, எப்போது, ஏன் என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் வந்துவிட்டது. எங்கே, எப்படி என்பவை அடுத்த பத்திக்குரியவை. கடைசியில் உள்ள ‘நிர்வாகம் அறிவித்தது’ என்ற சொற்களைக் கவனியுங்கள். நட்டம் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். நிருபர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. யார் சொன்னது என்பதை எழுதாமல் விட்டால், பிறர் கூற்று நம் கூற்றாகிவிடும்.

செய்தித் தொழிலைக் கற்க பினாங்கு பொருத்தமான ஊர். இந்த நாட்டின் முதல் செய்தித்தாள் 1806 மார்ச் 1ஆம் தேதி இந்தத் தீவில்தான் அச்சானது. பின்னாளில் அது ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஐலண்ட் கெசட்’ என்று பெயர் பெற்றது. 1910இல் சுன் யாட் சென் தொடங்கிய ‘குவோங் வா’ சீன நாளிதழ் இன்றும் வெளிவருகிறது. 1969இல் உருவான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், இதழியல் மாணவர்களே ‘பெரித்தா கம்புஸ்’ என்ற பயிற்சி ஏட்டைத் தயாரிக்கிறார்கள்.

என் வகுப்பில் பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். ஆனால், செய்தி தேடி லிட்டல் இந்தியாவுக்குப் போனால் கேள்வி தமிழில் பிறக்கிறது. பூக்கடை அக்கா “நாலு நாளா யாவாரம் படுத்துருச்சு தம்பி” என்கிறார். அதை மலாயில் எழுதும்போது ‘விற்பனை சரிந்து மோசமான நிலையில் உள்ளது’ என்று மாற்றினால், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் திணித்ததாகிவிடும். ‘நான்கு நாட்களாக வியாபாரம் மந்தம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. மேற்கோள் குறிக்குள் நம் சரக்கைக் கலக்கக் கூடாது. இருமொழி தெரிந்தவருக்கு இது கூடுதல் பொறுப்பு.

பெயரும் அப்படித்தான். சரஸ்வதி என்ற பெயரை ரோமன் எழுத்தில் ‘ஐ’யில் முடிப்பவரும் உண்டு, ‘ஒய்’யில் முடிப்பவரும் உண்டு. “எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள் அக்கா” என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

பல்கலைக்கழக வகுப்புகள் வருவதற்கு முன்பே தமிழ் ஏடுகள் பள்ளிக்கூடமாகச் செயல்பட்டிருக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தி, மலாயாவின் இளம் எழுத்தாளர்களைப் பயிற்றுவித்தார்கள். அதே காலகட்டத்தில் சிங்கப்பூர் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம், மாணவர்களின் படைப்புகளுக்கு இடம் தந்தது. எழுதக் கற்றவர்கள் பலர் நாளிதழ் வழியாகவே கற்றார்கள்.

இன்று அந்த வகுப்பை நாமே தொடங்க வேண்டியிருக்கிறது. தமிழில் கேட்டு, சரிபார்த்து, எழுதத் தெரிந்த இளைஞர்கள் வராவிட்டால், நம் ஏடுகளில் அறிக்கைகள் மட்டுமே எஞ்சும். அறிக்கை அனுப்பத் தெரியாத பூக்கடை அக்காவின் நான்கு நாள் மந்தம் எங்கும் பதிவாகாது.

ஆகவே மாணவர்களே, இந்த வாரம் உங்கள் பள்ளியிலோ குடியிருப்பிலோ நடக்கும் ஒரு நிகழ்வுக்குச் செல்லுங்கள். குறைந்தது மூன்று பேரிடம் பேசுங்கள். அவர்களில் ஒருவராவது மேடையில் அமராதவராக இருக்கட்டும். பெயர், தேதி, தொகை ஆகியவற்றை இரண்டு முறை சரிபாருங்கள். 150 சொற்களில் எழுதி, முதல் வாக்கியத்தை மட்டும் ஒரு நண்பரிடம் படித்துக் காட்டுங்கள். “என்ன நடந்தது?” என்று அவர் திரும்பக் கேட்டால், அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றி எழுதுங்கள்.