வயிற்றில் ஒரு வாயில்

குடலில் புற்றுநோய், அடைப்பு, பலத்த காயம் போன்றவை ஏற்பட்டால் மலம் வழமையான வழியால் வெளியேற முடியாமற் போகலாம். அப்போது வைத்தியர்கள் சத்திரசிகிச்சை செய்து, குடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே கொண்டு வந்து தைத்து விடுகிறார்கள். அந்தத் திறப்பே ஸ்டோமா. அது பெருங்குடலில் அமைந்தால் கொலொஸ்டமி. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அமைந்தால் இலியோஸ்டமி. சிலருக்குச் சில மாதங்களுக்கு மட்டும், வேறு சிலருக்கு ஆயுள் முழுவதும் இது தேவைப்படும். இத்திறப்பில் அடக்கி வைக்கும் தசை இல்லை. தானாக வரும் மலத்தை ஏந்தவே வயிற்றில் பை ஒட்டப்படுகிறது.

இது புதிய வைத்தியமல்ல. 1793 இல் பிரான்ஸில் மலவாயில் இன்றிப் பிறந்த ஒரு சிசுவுக்கு டியூரே என்ற வைத்தியர் இவ்வாறு வழி அமைத்தார். அந்தப் பிள்ளை 45 வயது வரை வாழ்ந்தது. ஆனால் நல்ல பை கிடைக்க நெடுங்காலம் சென்றது. டென்மார்க்கில் எலிஸே சோரன்சன் என்ற தாதியின் சகோதரி தோரா, மலம் கசிந்து விடுமோ என்ற பயத்தில் வீட்டை விட்டு வெளியேறவே அஞ்சினாள். அவளுக்காக 1954 இல் எலிஸே, தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை யோசித்து உருவாக்கினாள். நோயை விட வெட்கமே தன் சகோதரியை அடைத்து வைத்திருக்கிறது என்பதை அவள் கண்டிருந்தாள்.

இனிப் பராமரிப்பைப் பார்ப்போம். நல்ல ஸ்டோமா கன்னத்தின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும். தொட்டால் நோகாது, துடைக்கும்போது சிறிது இரத்தம் கசிவது வழமை. பையின் மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்கி விட வேண்டும். பாரம் கூடினால் ஒட்டு கழன்று விடும். பை மாற்றக் காலையில், சாப்பிடுமுன், நல்ல நேரம். சுற்றியுள்ள தோலை வெறும் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். எண்ணெய், பவுடர், டெட்டோல் பூசக் கூடாது. ஒட்டுத் தகட்டின் துவாரம் ஸ்டோமாவை விட 2 அல்லது 3 மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் ஸ்டோமா சுருங்குவதால் அடிக்கடி அளந்து வெட்ட வேண்டும். துவாரம் பெரிதானால் மலம் பட்டுத் தோல் புண்ணாகும்.

வண்ணாத்திவில்லு போன்ற வெயிற் பிரதேசத்தில் வியர்வையால் ஒட்டு சீக்கிரம் கழரும். மேலதிகப் பை ஒன்று கையிலிருப்பது நல்லது. இலியோஸ்டமி உள்ளவர்களுக்கு நீரும் உப்பும் அதிகம் வெளியேறும். தாகம், தலைச்சுற்று, சிறுநீர் குறைதல் கண்டால் ஜீவனி கரைத்துக் கொடுத்து, வைத்தியரிடம் காட்ட வேண்டும். நம்மூர் முந்திரிப் பருப்பு, தேங்காய்ச் சொட்டு, சோளம் ஆகியவற்றை ஆரம்ப வாரங்களில் தவிர்த்து, பின்னர் சிறிதளவாக நன்கு மென்று உண்ணலாம். நோன்பு நோற்பது பற்றி வைத்தியரிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

“பையோடு எப்படித் தொழுவது?” என்று பல பெண்கள் மனதுக்குள் வருந்துவார்கள். கட்டுப்பாடின்றி வெளியேறும் நிலையிலுள்ளோருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. நேரம் நுழைந்த பின் ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் வுழூச் செய்து தொழலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். விபரங்களை ஓர் ஆலிமிடம் கேட்டறியலாம். பையை வெறுமையாக்கி விட்டால் சுஜூதும் சிரமமில்லை.

ஸ்டோமா கறுத்தால், இரத்தம் நிற்காவிட்டால், அல்லது வயிற்று வலியும் வாந்தியும் இருந்து மலம் வராவிட்டால், தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

சகோதரிகளே, நம் வீட்டில் உம்மாவோ வாப்பாவோ பையோடு வந்தால், மணம் பற்றி முகம் சுளிக்காதிருப்போம். பை மாற்றத் தனியிடமும் கண்ணாடியும் ஒரு வாளி தண்ணீரும் ஆயத்தமாக வைப்போம். கலியாண வீட்டுக்கு அவர்களையும் அழைத்துச் செல்வோம். எலிஸே தன் சகோதரிக்குச் செய்ததில் ஒரு பங்கு நம் கையிலும் இருக்கிறது.