வெளிநாட்டில் அடிபடும் பெண்ணை யார் போய்க் கேட்பது?



குழுக் கூட்டத்துக்கு ஒரு உறுப்பினர் வீங்கின கண்ணோடு வந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. என்னம்மா ஆச்சு என்று கேட்போம். நாலு பேர் சேர்ந்து வீட்டுக்குப் போவோம். பேசிப் பார்த்தும் கேட்கலைன்னா மகளிர் காவல் நிலையம் வரைக்கும் போவோம். அதே பெண் கல்யாணமாகி வேற தேசத்துக்குப் போய், பாஷை தெரியாத ஊரில், சாத்தின கதவுக்குள் அடிபட்டால்? நம்ம பக்கத்துப் பெண்களும் லண்டன், கனடா என்று வாழ்க்கைப்பட்டுப் போகிறார்கள். அதனால் இது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இங்கிலாந்தில் நடந்ததை வைத்துச் சொல்கிறோம்.

கிரண்ஜித் அலுவாலியா என்பவர் பஞ்சாப் பெண். 1979-ல் கல்யாணமாகி இங்கிலாந்தில் குடும்பம் நடத்தினார். பத்து வருடம் அடி, உதை, மிரட்டல். இரண்டு முறை கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியும் கொடுமை நிற்கவில்லை. குடும்ப மானம் போயிடும், இரண்டு பையன்களும் என்ன ஆவார்கள் என்று பொறுத்துக்கொண்டார். 1989 மே மாதம் ஒரு இரவு, படுத்திருந்த கணவன் மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்துவிட்டார். சில நாளில் அவன் இறந்தான். அந்த வருடம் டிசம்பரில் அவருக்கு ஆயுள் தண்டனை. விசாரணையில் அவர் வாய் திறந்து சாட்சி சொல்லவே இல்லை. அவர் மனசு எவ்வளவு நொந்து போயிருந்தது என்ற மருத்துவச் சான்றும் அங்கே எடுத்து வைக்கப்படவில்லை.

அவருக்காகப் போராடியது சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு. லண்டனில் நம் நாட்டு மக்கள் நிறைய வாழும் சவுத்தால் பகுதியில் ஆசிய, ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளிப் பெண்கள் 1979-ல் தொடங்கியது அது. 1992 ஜூலையில் மேல் கோர்ட் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. செப்டம்பரில், ஏற்கெனவே சிறையில் இருந்த காலமே தண்டனை என்று சொல்லி விடுதலை செய்தார்கள். ஐஸ்வர்யா ராய் நடித்த ஒரு படம்கூட இந்தக் கதைதான். தீ வைத்தது சரி என்று இங்கே யாரும் சொல்லவில்லை. போலீஸ், டாக்டர், கோர்ட் எல்லாம் இருக்கும் நாட்டில், பத்து வருடமாக அந்த உதவி ஏன் அவருக்குப் பயன்படவில்லை என்பதுதான் கேள்வி.

முதலில் பாஷை. வீட்டில் சண்டை என்று போலீஸ் வந்தால் இங்கிலீஷில் பேசுவது யார்? அடிச்ச கணவனே, இல்லைன்னா மாமியார், நாத்தனார். சில இடத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. "ஒண்ணுமில்லை, கால் தவறி விழுந்துட்டா" என்று முடிந்துபோகும். அதனால் வீட்டு ஆளை மொழிபெயர்க்க விடக்கூடாது என்பது அங்கே அனுபவத்தில் கற்ற பாடம். "எனக்குத் தமிழில் பேச ஆள் வேணும்" என்று போலீஸிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம். அதற்குக் காசு கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டு போனாலே பெரிய பலம்.

அதைவிடப் பெரிய பூட்டு விசா. பிரிட்டிஷ் குடிமகனின் மனைவியாகப் போகிறவர் நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கப் பொதுவாக 5 வருடம் ஆகும். அதுவரை விசா கணவனை நம்பித்தான். "ஊருக்கு அனுப்பிடுவேன்" என்ற ஒரு மிரட்டல் போதும். இன்னொன்று, அந்த விசாவில் அரசு உதவிப் பணம் கிடையாது. பெண்கள் காப்பகத்தின் வாடகையே அந்த உதவிப் பணத்தில்தான் ஓடுகிறது. அதனால் தப்பி ஓடி வந்த பெண்ணைக் காப்பகமே சேர்க்க முடியாமல் திருப்பி அனுப்பியது உண்டு. சவுத்தால் பெண்களும் மற்ற அமைப்புகளும் வருடக்கணக்கில் போராடினார்கள். கொடுமையால் கல்யாணம் முறிந்தால் மனைவி தனியாகவே நிரந்தர அனுமதி கேட்கலாம் என்று 2002-ல் விதி வந்தது. அந்த மனு போடுவதற்குள் 3 மாதம் அரசு உதவி பெறலாம் என்று 2012-ல் வந்தது. ஆனால் வேலை விசா, படிப்பு விசாவில் போனவரின் மனைவிக்கு இதே விதி அப்படியே பொருந்தாது. என்ன விசா என்று போகும் முன்னே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, பெரியவங்க பஞ்சாயத்து. "அது அவங்க கலாச்சாரம், அவங்க பெரியவங்களே பேசித் தீர்த்துக்கட்டும்" என்று அங்குள்ள அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. பார்க்க மரியாதை மாதிரி இருக்கும். கடைசியில் பெண் திரும்ப அடிக்கிறவன் கிட்டேயே போய்ச் சேருவாள். கட்டாயத் திருமணம் பற்றி ஆராய 1999-ல் அங்கே அரசு அமைத்த குழுவில், குடும்பத்தோடு சமரசம் பேசலாம் என்ற யோசனையை எதிர்த்து சவுத்தால் அமைப்பு வெளியேறியது. அது சரியான முடிவுதான். அவள் பாஷையில் பேசுவதும், சாப்பாட்டையும் சாமியையும் மதிப்பதும், பிள்ளையை விட்டுட்டு வரமாட்டாள் என்று புரிந்துகொள்வதும் கலாச்சாரத்தை மதிப்பது. அடியைக் கலாச்சாரம் என்று சொல்வதற்கு அதில் இடமில்லை.

இங்கிருந்து நாம் செய்வதும் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா, கல்யாணப் பதிவுச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து அம்மா வீட்டில் ஒரு செட் வையுங்கள். போனில் பெண் அழுதால் "பொறுத்துப் போம்மா" என்று உடனே சொல்லாமல், அடிச்சாரா, பாஸ்போர்ட் யார் கையில், வெளியே போக விடறாங்களா என்று கேளுங்கள். இங்கே 181-ல் ஆலோசனை கேட்கலாம். டெல்லியில் உள்ள தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளைகள் பற்றிய புகாருக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும் எழுதலாம். அவசர போலீஸ் எண் கனடாவிலும் அமெரிக்காவிலும் 911, இங்கிலாந்தில் 999. இங்கிலாந்தில் செல்போனிலிருந்து 999 கூப்பிட்டு, பேச முடியாத நிலை என்றால், சொல்லும்போது 55 அழுத்தினால் போலீஸுக்கு இணைப்பு போகும். ஆனால் அதை வைத்து மட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது, முடிந்தவரை முகவரியைச் சொல்ல வேண்டும். அதனால் வீட்டு முகவரி உங்களிடமும் எழுதி இருக்கட்டும். பக்கத்தில் கணவன் நிற்கும்போது பேச ஒரு அடையாள வார்த்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா, பருப்புப் பொடி தீர்ந்து போச்சு" என்றால் ஆபத்து என்று உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.